ரெண்டு மெஷினுக்கு ஒரு லைசன்ஸ்

போன வாரம் எங்கள் மலையில் பிரிஞ்சாங் டவுனில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். கடைக்காரர் என் நரையைப் பார்த்து, காது கேட்காதென்று நினைத்தாரோ என்னவோ, உரக்கவே கேட்டார். "ஆன்ட்டி, வீட்டுக்குப் போடற லைசன்ஸா, ஆபீசுக்குப் போடறதா? இல்ல லைசன்ஸ் இல்லாம சும்மா ஏத்திடவா? யாரும் கேக்க மாட்டாங்க லா." அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது மடல் சுட்டது.

லைசன்ஸ் என்றாலே எனக்கு வாடுகிற பச்சைத் தேயிலையின் வாசம் வரும். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் நடுவில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தேன். தொழிற்சாலை ஒட்டினாற்போல் இருந்ததால், ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வாசம் உள்ளே வந்து சேலையில் ஏறிக்கொள்ளும். ஈப்போவில் டைப் படித்த இடத்தில் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டு தடவை தொட்டிருப்பேன். அந்தத் தைரியத்தில் 'கம்ப்யூட்டர் தெரியும்' என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதனால் ஆபீசுக்கு முதல் மெஷின் வந்தபோது, துரை என்னைத்தான் கூப்பிட்டார். நம் ஊர்க்காரர்தான், ஆனாலும் மேனேஜர் என்றால் எங்களுக்குத் துரைதான். மெஷினை எழுப்பி ஓட்டுவதற்கு ஒரு கறுப்புத் தட்டு, ஃப்ளாப்பி, வேண்டும். இயங்குதளம் என்று இப்போது சொல்கிறார்களே, அது அதில்தான் இருக்கும். அதற்கு லைசன்ஸ் ஒரு மெஷினுக்கா, பல மெஷினுக்கா என்று ஈப்போ கடையில் கேட்கிறார்களாம்.

"நீதானே படிச்சவ. எது வாங்கலாம்?"

எனக்குத் தெரிந்த லைசன்ஸ் டிவி லைசன்ஸ் ஒன்றுதான். நாங்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு ஒன்று. "ஒன்னு போதும் சார்" என்றேன், ரொம்ப யோசித்தவள் மாதிரி.

அடுத்த வருஷமே தொழிற்சாலைக்கு இரண்டாவது மெஷின் வந்துவிட்டது. என்ன செய்வதென்று ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, எங்கள் பெரிய கிராணியிடம் போய் நின்றேன். "தட்டு இருக்குல்ல? அதையே அங்கயும் போடும்மா. இந்த மலைக்கு எவன் ஏறி வரப்போறான்?"

ஏறி வந்தாள். ஈப்போ கடையிலிருந்து செல்வராணி என்ற பெண், ஆபீஸ் மெஷினைச் சரிபார்க்க வந்திருந்தாள். தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தாள். அப்படியும் சிரித்தாள். பெரிய கிராணி உடனே தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிவிட்டார், அந்த மெஷினை மூடி வைக்கச் சொல்லி.

வேலை முடிந்ததும் அவள் கேட்டாள், "தங்கச்சி, இவ்ளோ தூரம் வந்துட்டேன். தேயிலை எப்படிப் பண்றாங்கன்னு பாக்கலாமா?"

மலைக்கு வருகிற எல்லாரும் கேட்பதுதான். மறுக்க என்ன காரணம் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே உருட்டும் மெஷின்களின் இரைச்சலில் பேசுவதே கேட்கவில்லை. சலிக்கிற இடத்துக்கு வந்தபோது தேநீர் வேளைக்காக எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஒரே அமைதி. அந்த அமைதியில், மூலையில் குவிந்திருந்த சாக்குகளுக்கு அடியிலிருந்து, 'கிர்ர்... கிர்ர்...' என்று பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் கிராணி முனியாண்டி அவசரத்தில் அதை நிறுத்தாமலே மூடியிருக்கிறார்.

அவரே முந்திக்கொண்டு, "எலி மேடம்" என்றார்.

செல்வராணி சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எலி நல்லா டைப் அடிக்குதே" என்றாள்.

தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், முனியாண்டி உட்பட. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள் சாக்கைத் தொடவேயில்லை. அடுத்த அறைக்கு நடந்தாள்.

காரில் ஏறும்போதுதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். "தங்கச்சி, ரெண்டு மெஷினுக்கும் சேத்து ஒரே லைசன்ஸ் இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நான்தான் ஒங்க துரைகிட்ட சரியா சொல்லலியோ என்னவோ."

அவள் திட்டியிருக்கலாம். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். கார் கிளம்பிவிட்டது.

உள்ளே ஓடி, அந்தச் சேர்த்து வாங்குகிற லைசன்ஸை வாங்கிவிடலாம் என்றேன். பெரிய கிராணி நிமிரக்கூட இல்லை. "பாத்துட்டும் சும்மா போயிட்டாள்ல? அப்புறம் எதுக்கு?"

அதற்குமேல் நானும் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பிரிண்டர் அடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "எலி, எலி" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

பெரிய கிராணி ஓய்வு பெற்று அவர் நாற்காலி எனக்கு வந்ததும், துரையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். செல்வராணி முன்னால் போய் நின்று என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை. கடை இருந்த இடத்தில் செருப்புகள் தொங்கின. பக்கத்துக் கடைச் சீனர் கையை விரித்து, மலாயில் "சுடா துத்துப்" என்றார். மூடியாகிவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு மெஷின்களும் பிறகு பழைய இரும்பு லோரியில் ஏறிப் போயின. அந்த இயங்குதளம் இன்று எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை. அதற்கு லைசன்ஸ் விற்பவரும் இல்லை. இனி நான் நினைத்தாலும் வாங்க முடியாது.