செம்பரம்பாக்கத்துப் படகு மோட்டார்

1992 மே, ஞாயிறு. காலை 6.40. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினேன். பையில் ஒரு புது ஸ்பார்க் பிளக், உப்புத்தாள், இரண்டு ஸ்பேனர், ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டர். ஆவடி வழியாகப் பூந்தமல்லி. டிக்கெட் இரண்டு ரூபாய்.

“இன்னா நைனா, பெட்ரோல் வாசனை தூக்குது? பஸ்ஸக் கொளுத்தப் போறியா?” என்றார் கண்டக்டர்.

“படகு மோட்டார் ரிப்பேர் பண்ணப் போறேண்ணே.”

“ஆவடில ஏதுய்யா கடலு?” பஸ்ஸே சிரித்தது.

8.20. பூந்தமல்லியில் வண்டி மாறி, பெங்களூர் சாலையில் ஏழு கிலோமீட்டர். செம்பரம்பாக்கத்தில் இறங்கி ஏரிக்கரையோரமாக நடந்தேன். கோடையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஒரு கொக்குகூட இல்லை. கரையின் கீழே முதல் வீடு, மோட்டாரை விற்கும் ஸ்டெல்லா அக்காவுடையது. ஏரியைப் பார்த்திருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

பழைய படகு மோட்டார் ஒன்று அறுநூறு ரூபாய்க்கு வருகிறது என்று பாலிடெக்னிக்கில் கேள்விப்பட்டு, போன ஞாயிறே வந்திருந்தேன். அறை மூலையில் போர்வை போர்த்தி, ஆள் நிற்பதுபோல் நிறுத்தியிருந்தார்கள். ஆறு வருடமாக யாரும் தொடவில்லையாம். அக்காவின் தம்பி சேவியர், மீன் கான்ட்ராக்டரின் படகில் ஓட்டியது. அன்று மதியம் வீட்டில் சண்டை. மாலையில் ஆளில்லாத படகு கோரைப் புல்லில் ஒதுங்கிக் கிடந்தது.

“நான்தான் தம்பி, போய் ஏரில வுழுன்னு சொன்னேன். போய் வுழுந்துட்டான்” என்றார் அக்கா, காபியை ஆற்றிக்கொண்டே. இறுகிப்போன சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அன்று திரும்பினேன்.

9.30. இன்று ஸ்டார்ட் செய்யும் கயிறு இழுக்க வந்தது. கார்பரேட்டரைக் கழுவினேன், பிளக் மாற்றினேன். காற்றைக் குறைக்கும் சோக் பாதி இழுத்தபடியே துருவேறி நின்றது. ஸ்டார்ட் செய்ய எப்படியும் வேண்டும்தானே என்று விட்டுவிட்டேன். கியரையும் பார்த்திருக்க வேண்டும். ஆர்வக் கோளாறு, பார்க்கவில்லை.

11.50. கொல்லையில் சிமெண்ட் தொட்டிமேல் பலகை போட்டு மோட்டாரைப் பூட்டினேன். ஒன்பதாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பலகையோடு பாய்ந்து என்னை மல்லாக்கத் தள்ளியது. தொட்டித் தண்ணீர் முழுக்க என்மேல். மோட்டார் தொட்டி விளிம்பில் மாட்டிக்கொண்டு, இருமி இருமி, தானாக ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் கூடினார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு பெண் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மோட்டார் தானே அடங்கியது. விழுந்த இடத்திலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. முன் கியரில் கிடக்கிறது. ஓட ஆரம்பித்ததும் சோக்கை உள்ளே தள்ள வேண்டும். சேவியர் போன அன்று, தள்ளப் படகில் ஆள் இல்லை.

“அக்கா! அவரு குதிக்கல!” என்று கத்தினேன். “கியர்ல இருந்ததப் பாக்காம கயித்த இழுத்திருக்காரு. என்னைத் தள்ளுன மாதிரியே தள்ளிடுச்சு. நீங்க சொன்னதால இல்லக்கா!”

அழுவார், என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார்.

“அப்போ கத்தியிருப்பானே.”

நான் எழுந்து ஈரச் சட்டையைப் பிழிந்தேன்.

“இதே இருமல் சத்தந்தான் தம்பி. அரை மணி நேரம் கேட்டுகினே இருந்துச்சு. கோவத்துல சுத்திகினு கீறான், தணிஞ்சா வருவான்னு நான் மீன் கழுவிகினு இருந்தேன்.” மோட்டாரைப் பார்த்தபடியே, “ஆளில்லாத படகு எப்டி போவும்? நேராவா?”

“இல்லக்கா. வட்டமா.”

“அவனச் சுத்தியா?”

2.15. மோட்டாரைக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. ஈரச் சட்டையோடு பஸ் ஏறினேன். ஐந்து மணிக்கு அம்பத்தூர். எங்கள் தொழிற்பேட்டைப் பக்கம் எந்திரச் சத்தம் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்கியிருக்கிறேன். தெருமுனைப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.