லண்டன் மேற்கே இருக்கிறது

டிராவல்ஸ் நடத்துகிறவன் விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். தொம்மலூரில் கடை போட்டு நான் படும் பாடு, என்னைப் போலவே கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குப் புரியும்.

சுற்று வழி

ஈஜிபுராவிலிருந்து குமார் வந்தார். லண்டன் டிக்கெட்டைக் கையில் கொடுத்தேன். போகும்போது மதியம் ஏறினால் அன்றைக்கே சாயங்காலம் இறங்கலாம். வரும்போது ராத்திரி ஏறினால் மறுநாள் மதியம்தான். அங்கே கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது, அதனால்தான் இப்படித் தெரிகிறது என்று தொண்டை வறள விளக்கினேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரும்போது மட்டும் ஊரைச் சுத்திக் கூட்டிட்டு வர்றானே, நம்ம ஆட்டோக்காரங்ககிட்ட டிரெயினிங் எடுத்தானா, சார்?"

வெள்ளிக்கிழமை

எங்கள் தெரு வசந்தா அம்மாவின் மகளுக்கு லண்டனில் தலைப்பிரசவம். அங்கே ஒத்தாசைக்கு ஆளில்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் ஒரே ஒரு சீட் இருந்தது. அதை விட்டால் குழந்தை பிறந்த பிறகுதான் போக முடியும். அம்மாவோ காலண்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாம், அந்தத் திசையில் பயணம் கூடாதாம். "ஏர்போர்ட் வடக்கேதானே இருக்கு?" என்று மடக்கினேன்.

"நான் என்ன ஏர்போர்ட்லயா குடியிருக்கப் போறேன்? என் பொண்ணு உசுரு தம்பி, விளையாடாதீங்க!"

பரஸ்தானம்

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். நல்ல நாளிலேயே ஒரு பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பெயர் பரஸ்தானம். வியாழக்கிழமை என் கவுன்டருக்கு அடியில் ஒரு மஞ்சள் பை வந்து உட்கார்ந்தது. போகிற வழியில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் வழியில் ஹெப்பாள் தாண்டிய பிறகு போன் செய்து அழுகிறார். டாக்ஸி ஏறிய அவசரத்தில் பையை மறந்துவிட்டார். பாஸ்போர்ட் அதற்குள் இருக்கிறது! கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை விரட்டினேன். வழியெல்லாம் அவரையும் திட்டினேன், சூலத்தையும் திட்டினேன், டிராஃபிக்கையும் திட்டினேன். செக்-இன் கவுன்டர் மூடப்போகிற நேரத்தில் ஏர்போர்ட் வாசலில் பையைக் கையில் திணித்து, "பாஸ்போர்ட்டை யாராவது இதுல வைப்பாங்களா?" என்று கத்தினேன்.

"பயணத்துக்கு ரொம்ப முக்கியமான சாமானைத்தானே தம்பி வைக்கணும்?"

போன்

மறுநாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் லண்டனிலிருந்து அவரே கூப்பிட்டார். வீட்டுக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் மகளுக்கு வலி எடுத்ததாம். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்திருக்கிறார். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"திரும்பி வர்ற டிக்கெட் மட்டும் திங்கள், சனி போட்டுடாதீங்க, தம்பி, அன்னைக்குக் கிழக்கே சூலம். இங்கேருந்து நம்ம ஊரு கிழக்கு!"

ஆகையால், கவுன்டர்வாசிகளே, லண்டன் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், பாஸ்போர்ட் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்காமல் நான் பதில் சொல்வதில்லை.