33 வரட்டும் என்று குனிந்திருந்தேன்: ஏற்காட்டிலிருந்து குப்பனூர் இறக்கம்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தோம். காரணம் இரண்டு. மகள் தன் நாலு வயதுப் பெண் யாழினியை ஒரு வாரம் எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்காகப் பெங்களூர் திரும்பியிருந்தாள். ராசிபுரம் வெயிலில் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. இன்னொன்று வியாபாரம். கரடியூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு தங்கும் விடுதிக்காரர் பக்கெட், மக் தலா இருபத்து நாலு, மூடி போட்ட குப்பைத் தொட்டி ஆறு கேட்டிருந்தார். நான் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரி. சரக்கும் போய்ச் சேரும், குழந்தைக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று காரிலேயே கிளம்பினேன்.

பக்கெட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். மூடி போட்ட தொட்டிதான் அடங்காது. அதனால் முதல் நாள் மாலை டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் தொட்டிகள் கச்சிதமாக உட்கார்ந்தன. வீட்டில் சொல்லவில்லை. அப்படிச் செய்யும் தைரியத்தைக் கொடுத்தது நான் இரண்டு மாதம் முன்னால் 2,350 ரூபாய்க்கு வாங்கிய காற்றடிக்கும் மெஷின். இன்ஃப்ளேட்டர் என்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும், சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு காற்று வேண்டுமோ அந்த எண்ணை வைத்து, குழாயை டயரின் வால்வில் திருகி பட்டனை அழுத்தினால், அந்த எண் வந்ததும் தானாக நின்றுவிடும். என் காருக்கு 33. பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் வேலை ஒழிந்தது என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன்தினம்கூட குழந்தையின் நீச்சல் தொட்டிக்கு அதில்தான் காற்றடித்தேன். அதற்குப் பிறகு சார்ஜ் போட்டேனா என்றால், இல்லை.

காலை 5.45க்குக் கிளம்பினோம். சேலம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிக்கரை சேர 8.10. கார் மீட்டரில் 61 கிலோமீட்டர். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு மேல் ஏரியைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நீங்கள் போவதானால் எட்டுக்குள் போய்விடுங்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். கோயில் குகைக்குள் இருக்கிறது, குனிந்து போக வேண்டும். யாழினி மட்டும் நிமிர்ந்தே நடந்தாள், அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. அங்கிருந்து கரடியூர்.

விடுதிக்குப் போகும் மண்பாதையில் எதிரே ஒரு மினி பஸ் வந்தது. பின்னால் எடுத்து ஒதுங்கும்போது முன் இடது சக்கரம் ஏதோ கல்லின் விளிம்பில் ஏறி உரசி இறங்கியது. இறங்கிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறலும் இல்லை. கைக்குட்டையால் துடைத்துக்கூடப் பார்த்தேன். சக்கரத்தின் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வேண்டுமானால் ஈரத் தரையில் படுக்க வேண்டும், நான் வெள்ளை வேட்டியில் இருந்தேன்.

சரக்கை இறக்கி, சாப்பிட்டு, ஏரிக்கரைக்குத் திரும்பி 3.40க்கு இறங்கத் தொடங்கினோம். கூட்டம் அதிகம் என்பதால் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பாதைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குப்பனூர் வழியில் வளைவுகள் குறைவு, ஆனால் இறக்கம் செங்குத்து. பாதை குறுகல். பல இடங்களில் கைப்பேசியில் சிக்னல் கிடையாது.

ஆறாவது கிலோமீட்டரில் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. டீக்கடை ஓரமாக நிறுத்தி மெஷினை மாட்டினேன். 19 காட்டியது. நாலு நிமிடத்தில் 33 ஆக்கியது. பேட்டரியில் நாலு கோட்டில் மூன்று இருந்தது இரண்டானது. ஏரிக்கரைப் பஞ்சர் கடைக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒருவழிப் பாதையாச்சே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மெஷின் இருக்கிறது என்ற திமிர்.

கொட்டச்சேடு தாண்டியதும் பனி இறங்கியது, கூடவே தூறல். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு தெரிந்தது, மறைந்தது, திரும்பத் தெரிந்தது. ஸ்டியரிங் மறுபடி இழுக்கத் தொடங்கியது. நிறுத்த இடமில்லை. இடது பக்கம் பள்ளம், பின்னால் ஒரு பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் தொளதொளவென்று உட்காருவது உள்ளங்கையில் தெரிந்தது. பின் இருக்கையில் என் மனைவி சாந்தாமணி, அவள் மடியில் குழந்தை. கண்ணாடியில் அவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்படி மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை ஒன்றைச் செய்தேன், சாமி பேரை வாய்விட்டுச் சொன்னேன்.

ஒதுங்க இடம் கிடைத்தபோது மணி 4.25. டயரில் 11தான் இருந்தது. மறுபடி 33 ஆக்க ஏழு நிமிடம். மெஷின் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டது. பேட்டரியில் ஒரே ஒரு கோடு.

"ஏனுங்க, ஸ்டெப்னியத்தான் மாட்டிருங்களே. எதுக்கு இப்படி ஊதிக்கிட்டே இருக்கறீங்க?" என்றாள் சாந்தாமணி.

"மழையில ஜாக்கி வழுக்கும். காத்து அடிச்சாப் போதும், கீழ போயிரலாம்" என்றேன்.

அவள் முப்பது வருடமாக நான் சரக்கு விற்பதைப் பார்ப்பவள். நான் எப்போது வேகமாகப் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த மூன்று கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் காற்று மறுபடி போய்விட்டது. குப்பனூருக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. சாலையோரம் தார்ப்பாய் கட்டிப் பலாப்பழம் விற்கும் ஓர் அம்மாள் கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பேர் பழனியம்மா என்று பிறகுதான் கேட்டுக்கொண்டேன். அவர் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மணி 4.50. டயரில் 9. பேட்டரியின் கடைசிக் கோடு மின்னத் தொடங்கிவிட்டது.

என் பயமெல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். மெஷின் நின்றுவிட்டால் இந்தப் பனியில், ஸ்டெப்னி இல்லாமல், குழந்தையோடு என்ன செய்வேன்? சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்.கே.ஜி. போகப் போகிறாள், எண்கள் தெரியும் என்று காட்ட வேண்டும் அவளுக்கு.

"தாத்தா, ஒன்னு, எட்டு. தாத்தா, ரெண்டு, முட்டை."

பழனியம்மா பழங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

"எங்கிருந்துங்க இப்படி அடிச்சுக்கிட்டு வர்றீங்க?"

"டீக்கடைகிட்ட இருந்துங்க. இது மூணாவது தடவை."

"மூணு தடவையா? காத்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"ஆணி ஏதாச்சும் ஏறியிருக்குமுங்க. கீழ போய்ப் பாத்துக்கறேன்."

அவர் மறுபக்கம் உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கத்தைத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, மெஷின நிறுத்துங்க. உள்ள கை அகலத்துக்குப் பொடச்சிருக்குது. பொரியற சத்தம் கேக்குது, உங்களுக்குக் கேக்கலயா?"

மெஷின் போடுகிற இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. எண் 26. "இன்னும் ஏழுதாங்க. முப்பத்து மூணு வந்துட்டா அதுவே நின்னுக்கும்" என்றேன். பேட்டரி போவதற்குள் முடித்தாக வேண்டும், இந்த அம்மாளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்றும் நினைத்தேன். சொல்லிவிடுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. "வா கண்ணு" என்று யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் நடந்தார். குழந்தை வீறிட்டது. எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருவர் என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று எழுந்து, நாலு எட்டு வைத்து, "கொழந்தைய எறக்கி உடுங்க" என்றேன்.

பின்னால் வெடித்தது.

எந்த வேட்டுச் சத்தத்தோடும் அதை ஒப்பிட முடியாது. காதுக்குள் ஒரு அறை விழுந்தது, பிறகு எதுவுமே கேட்கவில்லை. முதுகில் மண்ணும் தண்ணீரும் சுள்ளென்று அடித்தன. திரும்பினால் கார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாந்தாமணி குழந்தையின் பேரைச் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து ஓடி வருவது வாயசைவில் தெரிந்தது. குழந்தை பழனியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காது திரும்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. முதலில் கேட்டது சாந்தாமணியின் குரல். "இப்பவாச்சும் ஸ்டெப்னிய எடுங்க."

"கடையில கெடக்குது" என்றேன். "தொட்டிக்கு எடம் பத்தல."

அவள் என்னைப் பார்த்தாள். "குப்பத் தொட்டிக்கு" என்றாள்.

பழனியம்மாவின் தம்பி பழம் ஏற்ற வரும் பிக்கப் 5.30க்கு வந்தது. சேலம் வரை ஆயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன், என் தொழிலில் இது நடக்காத காரியம். அவர் டயரைத் தட்டிப் பார்த்து, "காத்தில்லாம ஓட்டிட்டு வந்தீங்கல்லங்க, அதுலயே உள்ள நூலெல்லாம் அறுந்திருக்கும். அதுக்கப்புறம் எதுல அடிச்சாலும் வெடிக்கத்தான் செய்யும்" என்றார். "ஸ்டெப்னியக் கடையில வச்சுட்டு நல்லாத்தான் நடத்தறீங்க யாவாரம், நொம்ப பாதுகாப்பா" என்று பழனியம்மா சேறான என் வேட்டியைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாப்பாவ ஊட்டுக்குப் போனதும் சுடுதண்ணில குளிப்பாட்டுங்க, பயந்திருக்கும்" என்று சாந்தாமணியிடம் சொன்னார்.

காரை அங்கேயே பூட்டிவிட்டு வந்திருந்ததால் மறுநாள் மெக்கானிக்கோடு போனேன். புது டயர் 4,200, கூலியும் வண்டிச் செலவும் 1,800. சக்கரத்துக்கு மேலே மண் தெறிக்காமல் இருக்கப் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வெளியே தொங்கியது. பிளாஸ்டிக் எனக்குத் தெரிந்த சரக்கு. அந்தத் தடிமனை நான் கையால் வளைக்கக்கூட முடியாது. கிழிந்த நுனி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். யாழினி நின்றிருந்தால் அவள் முகம் அங்கேதான் இருந்திருக்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். காற்றடிக்கும் மெஷின் நல்ல சாமான். இன்னும் வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் நாலு சக்கரத்துக்கும் சரியான காற்று வைக்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் அது உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். டயர் தாங்குமா என்று சொல்லாது. ஒரு தடவை காற்று இறங்கினால் அடித்துக்கொண்டு அருகில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போங்கள், மலையில் இறங்காதீர்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்களா, அந்த டயருக்குத் திரும்பக் காற்றே அடிக்காதீர்கள், கழற்றிவிடுங்கள். கல்லில் உரசினால் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், வேட்டி அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். காற்று ஏறும்போது சக்கரத்துக்கு நேராக உட்காராதீர்கள், ஆளை அண்டவிடாதீர்கள். ஸ்டெப்னி பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மகளிடம் டயர் பஞ்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். குழந்தை ஏன் பலூனைப் பார்த்தால் காதைப் பொத்துகிறாள் என்று போன வாரம் போனில் கேட்டாள். தெரியலையே என்றேன். நான் எழுதும் இந்தப் பக்கத்தை அவள் தவறாமல் படிப்பவள், எழுத்துப் பிழைகூடத் திருத்தி அனுப்புவாள். அம்மாடி, நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படித்து முடித்ததும் கூப்பிடு. திட்டுவதானாலும் கூப்பிடு.