விளிம்புக்குக் கொஞ்சம் கீழே

மணம் என்னுடைய கைப்பையில் இருந்துதான் வந்தது. வெள்ளிக்கிழமை. பாரிஸில், லா சப்பலில் எங்கடை கோயிலில், பூசைக்கு முந்தி, பெண்கள் சுவரோரம் இருந்து பூக் கட்டிக்கொண்டிருந்தோம். பழமும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு மணம். பக்கத்தில் இருந்தவ மூக்கைச் சுளித்தா.

"ஆரப்பா கோயிலுக்கை சுவிங்கம் சப்புறது?"

"கிடக்கிற நாலு பல்லும் கழண்டு போகப்போகுது, துப்பிப்போடுங்கோ" என்று இன்னொருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையை மெல்லச் சீலைக்குள் இழுத்தேன். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

உள்ளே கிடந்தது கரண்ட் சுருட்டு. அது நான் வைத்த பெயர். பெடியள் தெருவில் நின்று வெள்ளை ஆவி விடுவார்களே, மணத்தண்ணி ஊற்றி இழுக்கிற அந்தச் சாமான். முந்தி நான் சுருட்டுக் குடிப்பேன். பல்லுக்குத்துக்கு நல்லதென்று மாமி பழக்கிவிட்டா. பல்லும் போய், மாமியும் போய், சுருட்டு மட்டும் என்னோடு பாரிஸ் வரைக்கும் வந்தது. பியர்ஃபித்தில் இருக்கிற மகள், "சுருட்டு மணக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்" என்று சொல்லி இதை வாங்கித் தந்தா. நான் சுருட்டை விட்டேன். பிள்ளை வளர்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் நீச்சல், ஞாயிற்றுக்கிழமைகளில் நடனம். வர நேரமில்லை.

கோயிலில் எனக்கு ஒரு வேலை இருந்தது. விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவது. எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. எண்ணெய்ச் செம்பு கையில் இருந்தால் கதைக்கத் தேவையில்லை, சனத்துக்கு நடுவில் நிற்கலாம். கிழமையில் அந்த ஒரு நாள்தான் நான் மனிசரோடு நிற்பது. கரண்ட் சுருட்டை வீட்டில் வைத்துவிட்டும் போக ஏலாது. வாசலுக்கு வெளியே, மறைவில் நின்று இரண்டு இழுவை இழுக்காவிட்டால் என் கை நடுங்கும். நடுங்கிற கைக்கு ஆர் எண்ணெய்ச் செம்பு தருவினம்? இந்தச் சாமானோடு பிடிபட்டாலும் தரமாட்டார்கள்.

அடுத்த வெள்ளி நான் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. ஆரும் தேடி ரெலிபோன் எடுக்கவில்லை. ஒருக்கா அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன். ஜன்னல் மாற்றப்போகிறீர்களா என்று ஒரு பிரெஞ்சுக்காரன் கேட்டான். அவன் சொல்லி முடிக்கும்வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேசையில் வைத்தாலும் அது கசிந்தது. இழுத்தால் கொறகொறவென்று சத்தம், வாய்க்குள் சுடச்சுடத் தண்ணி. மகளுக்கு எடுத்தேன்.

"அம்மா, நான் வேலையிலை நிக்கிறன். வீடியோ ஒண்டு அனுப்புறன், பாருங்கோ."

வீடியோ வந்தது. பச்சை குத்தின இரண்டு கைகள் கண்மூடித் திறக்குமுன் எல்லாம் செய்து முடித்துவிட்டன. எனக்குப் பிடிபடவில்லை.

பிறகுதான் இந்தச் சாமான் விற்கிற மூலைக் கடைக்குப் போனேன். ஆட்கள் எல்லாரும் போகும்வரை வெளியில் நின்றேன். உள்ளே பின்னல் பின்னலாகத் தலைமுடி இழைத்த ஒரு கறுப்புப் பெண். சுற்றிக் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்துச் சாமானை முன்னால் வைத்து, "சா கூல்" என்றேன். ஒழுகுது என்று அர்த்தம். குழாய் ஒழுகினபோது கட்டடக்காரனிடம் சொல்லப் பழகின சொல்.

"ஓ லா லா, மதாம்!"

உள்ளிருந்த பஞ்சுத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிசு போட்டா. ஊற்றிக்காட்டு என்று கையால் சொன்னா. நான் வீட்டில் ஊற்றுவது போலவே ஊற்றினேன். விளக்குக்குப் பழகின கை, குறையாக விடத் தெரியாது, விளிம்பு முட்ட ஊற்றும். நடுவில் இருக்கிற குழாய் திரிக்குரிய இடம் என்று நினைத்து, அதற்குள்ளும் இரண்டு துளி விடப்போனேன். அவ சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தா.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்தபடியே முதலில் இருந்து செய்வித்தா. கீழே காற்றுப் போகிற வளையத்தை மூடவேணும். தண்ணி நிற்கிற கண்ணாடித் தாங்கியைச் சரித்துப் பிடித்து, அதின் சுவரோடு ஒட்டி மெல்ல ஊற்றவேணும். நடுக்குழாய்க்குள் ஒரு துளியும் போகக்கூடாது, அது ஆவி வாற வழி. விளிம்பு வருமுன் நிற்பாட்டவேணும். நான் நிற்பாட்டவில்லை. "துஸ்மோ, துஸ்மோ", மெல்ல மெல்ல என்று கையை இறுக்கிப் பிடித்தா. இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லிய இடைவெளி காட்டி, அந்த இடைவெளிக்குள்ளால் என் முகத்தில் மெல்ல ஊதினா. காற்றுக்கு இடம் விடவேணுமாம். இடம் விடாவிட்டால் தண்ணி வேறு வழி தேடி வெளியில் வருமாம். மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து, பிறகுதான் வளையத்தைத் திறந்தோம். பஞ்சு ஊற வேணும் என்று நிமிர்த்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டா.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். என் கையை ஒருவர் பிடித்துக் கன நாள். பஞ்சு ஊறின பிறகும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள், எழும்பினேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சுவிங்கம் என்று சொன்னவவின் கையில் செம்பு இருந்தது.

"இந்தாங்கோ அக்கா, உங்கடை சோலியை நீங்களே பாருங்கோ. என்ரை சீலை முழுக்க எண்ணெய்."

வாங்கி ஊற்றிக்கொண்டு போனேன். ஒரு துளி சிந்தவில்லை. கடைசி விளக்குக்கு வந்தபோது பின்னால் சத்தம் கேட்டது.

"என்னக்கா இது, எல்லாம் குறையாய்க் கிடக்கு?"

திரும்பிப் பார்த்தேன். எல்லா விளக்கிலும் எண்ணெய் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"மிச்சம் பிடிக்கிறா போல" என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பவும் முதல் விளக்கில் இருந்து தொடங்கினேன். அவசரப்படவில்லை. சனம் எனக்கு வழி விட்டு விட்டு நின்றது.