முகமூடிக்காரனின் விரல்கள்

"ஞாயிற்றுக்கிழமையானால் பேஸ்பால் பார்க்கப் போவான். வேற ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. காஞ்சிரங்குளத்துக் குடும்பம். பையனுக்கு அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

அவர்கள் படியிறங்கியதும் அப்பா ஆரம்பித்தார்.

"வேற கெட்ட பழக்கம் இல்லேண்ணா, இது கெட்ட பழக்கமாக்கும். அவியளே சொல்லியாச்சு."

அப்பா பாறசாலைப் பக்கத்தில் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எந்த மாட்டையும் நம்பமாட்டார். மனிதர்களுக்கும் பெரிய சலுகை ஒன்றும் கிடையாது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்திருந்தது. ஒரு சேனலில் மத்தியானம் அந்த விளையாட்டைப் போட்டார்கள். பார்த்தால் சந்தேகம் தீருமே என்று நானே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வினையை விலைகொடுத்து வாங்கினேன்.

மட்டைக்காரன் ஒருவன் ஒரு பந்தையும் தொடவில்லை. கடைசியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சாவகாசமாக அடுத்த மூலைக்கு நடந்துபோனான்.

"அடிக்காதவன் எப்படிலே போறான்? ஒருத்தனும் கேக்கல்லியே" என்றார் அப்பா, டிவியிடம். பிறகு அவனே, பந்து போடுகிறவன் அசந்த நேரம் பார்த்து இன்னொரு மூலைக்கு ஓடினான். கூட்டம் கைதட்டியது. "பட்டாப்பகலில் களவு! அதுக்குக் கைதட்டு வேற."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? "அது ரூல் அப்பா" என்று அடித்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் அதைக் கண்டார். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்ட ஒருவன் குத்தவைத்திருந்தான். அவன் தொடைகளுக்கு நடுவே ரகசியமாக விரல்களை மடக்கி நீட்ட, பந்து போடுகிறவன் தலையாட்டினான். அப்பா எழுந்தே விட்டார்.

"பாத்தியா மக்கா, விரலு! இது கள்ளக்களி, ஏமாத்து ஆட்டமாக்கும்."

சந்தையில் தரகர்கள் துவர்த்துத் துண்டுக்கு அடியில் கையைக் கோர்த்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு அது பிழைப்பு. அதனால்தான் அடுத்தவன் விரல் அசைந்தால் அவருக்குத் தாங்காது.

"எந்தப் பந்து போடணும்ணு சொல்லுகானாயிருக்கும் அப்பா."

"நல்ல காரியம்ணா எதுக்கு ஒளிச்சுச் சொல்லணும்? இதை வாராவாரம் பாக்குகவனுக்கு அந்தப் பாஷை தெரியாம இருக்குமா?"

 இந்தக் கல்யாணம் நடக்காது என்று அடுக்களையில் போய் அழுதேன்.

மாப்பிள்ளை லீவில் பெண் பார்க்க வந்தார். காப்பி கொடுத்துவிட்டுக் கதவருகே நின்றேன். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.  தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் கையில் போட்டு, அதற்கு அடியில் கையை நீட்டினார். எனக்கு உயிரே போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா பலகாரத்தை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு துவர்த்துக்குள் கையை விட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

அப்பா கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாவம், இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சம்மதம்தானே மக்கா?"

கல்யாணம் முடிந்த வாரம் என் கணவரிடம் கேட்டேன், அப்பா துவர்த்துக்குள் விரலால் என்னதான் கேட்டார் என்று.

"ஒண்ணும் கேக்கல்லே" என்றார் அவர். "அப்பாக்க கை நடுங்கிட்டே இருந்தது. அதாக்கும் நான் விடாம பிடிச்சுட்டு இருந்தேன்."

எத்தனையோ சந்தைகளில் எத்தனையோ பேரிடம் அந்தக் கையை நீட்டியவர் அப்பா. அது நடுங்கி நான் பார்த்ததே இல்லை.