சிவப்பு அட்டை மாட்டிய கை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஸ்பானரை அல்ல, ஒரு சிவப்பு அட்டையை. விமானத்தில் கோளாறு கண்டால் அந்த அட்டையை விமானி பிடிக்கும் ஸ்டிக்கில் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் அந்த விமானம் பறக்காது. கோளாறு சரியாகி, பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அட்டை இறங்கும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். தென்னந்தோப்புக் குடும்பம். எனக்கு விமானம் ஓட்டத்தான் ஆசை. அப்பா குறுக்கே நின்றார். "ஓட்டறவன் வுழுந்தா எலும்புகூட மிஞ்சாது கண்ணு. ரிப்பேர் பண்றவன் தரைலதான நிப்பான்? அதுக்குப் படி" என்றார். படித்தேன். அவர் சொன்னபடியே பணிக்காலம் முழுவதும் தரையில்தான் நின்றேன். பயணியாகப் பறந்திருக்கிறேன், அது பஸ்ஸில் போவது மாதிரி. நான் ஸ்டிக்கைத் திருப்ப, விமானம் திரும்ப வேண்டும். அந்த ஒரு ஆசைதான் கடைசிவரை இருந்தது.

கடைசி வேலைநாள்

கடைசியாக வேலை பார்த்தது இடுக்கி ஏலமலையில், ஒரு சிறிய பயிற்சிப் பள்ளியில். இரண்டு பேர் உட்காரும் விமானம். இரண்டு பக்கமும் ஸ்டிக் உண்டு. பயிற்சியாளர் கேப்டன் ஜெயந்தி, மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவர். என் ஆசை தெரிந்து, நான் ஓய்வு பெறும் நாளில் எனக்கு ஒரு பாடம் நடத்த முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். "அண்ணே, மாட்டுப்பட்டி டேம் தெரியுற வரைக்கும் நான் ஓட்டுறேன். அதுக்கப்புறம் ஸ்டிக் உங்க கையிலதான்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. கோடை மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. பறக்கும் முன் செய்யும் இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. எஞ்சின் மூடியைத் திறந்தபோது, சைலன்சரின் வெல்டிங் ஓரத்தில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு கோடு. துணியால் துடைத்தேன். அடியில் மயிரிழை விரிசல்.

மலைக்குளிருக்கு உள்ளே ஹீட்டர் போடுவோம். அந்தச் சூடான காற்று எஞ்சின் புகை போகும் சைலன்சரைச் சுற்றித்தான் வருகிறது. விரிசல் வழியே விஷவாயு கலந்தால் வாசனைகூடத் தெரியாது; ஓட்டுகிறவர் அப்படியே மயங்கிப்போவார்.

மூடியைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஹீட்டர் போடாமல் ஒரே ஒரு சுற்று போய் வந்துவிடலாமே என்று மனசு கெஞ்சியது. தூரத்தில் கேப்டன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போய் அட்டையை எடுத்து வந்தேன். நான் பிடிக்க வேண்டிய ஸ்டிக்கிலேயே மாட்டினேன்.

"ஏனுங்க கேப்டன், இன்னைக்குப் போவ முடியாதுங்க" என்றேன். அவர் வந்து விரிசலைப் பார்த்தார். "பார்ட் வரட்டும்ணே. மொத ஆளா உங்களத்தான் கூப்பிடுவேன்" என்றார்.

பார்ட் வருவதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஓடுதளத்தின் ஓரம் சரிந்தது. பள்ளியை மூடிவிட்டார்கள். கேப்டன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை.

அட்டை மாட்டினால் மனசுக்கு நிம்மதி என்று பயிற்சியில் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. செய்தது சரி, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் சரியானதைச் செய்தால் வருத்தம் வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வரும். அந்த வருத்தத்தோடுதான் மாட்ட வேண்டும்.

இப்போது தோப்பில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் அண்ணாந்து பார்ப்பேன். காது எஞ்சின் சத்தத்தில் கோளாறு தேடும். வலது கை தன்னால் மடங்கி எதையோ பிடித்துக்கொள்ளும்.

"ஏனுங்க, அதுக்கும் அட்டை மாட்டப் போறீங்களா?" என்று என் மனைவி கேலி செய்வாள். சிரித்துக்கொண்டே விழுந்த மட்டைகளைப் பொறுக்கப் போவேன். கை மட்டும் உடனே விரியாது.