நொம்ப தூரமுங்க

எங்கள் வீட்டில் அதற்கு இருந்தது ஒரே ஒரு சொல்தான். தூரம். 'ஊட்டுக்குத் தூரம்' என்றால், அந்தப் பெண் பின்னாலிருக்கும் தகரக் கொட்டாயில் இருக்கிறாள், அடுப்பங்கரைக்கு வரமாட்டாள், சாமி படத்துக்கு முன்னால் நிற்கமாட்டாள் என்று அர்த்தம். அவ்வளவுதான். ரத்தம் என்பது அந்தச் சொல்லுக்குள் ஒரு சொட்டுக்கூட இருக்காது. அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நன்றாகக் கழுவிக் காயவைத்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்.

சேர்வராயன் மலைமேல் கரடியூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நாலைந்து பலா மரம், மேட்டில் சாமை. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக அம்மா மூன்று நாள் காப்பி மூட்டைகளோடு கொட்டாயில் இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் ஈரத்தலையோடு அடுப்பங்கரைக்கு வந்துவிடுவார். அந்த வருஷம் ஆடி பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கு கெட்டுப்போயிற்று. காலையில் குளித்துவிட்டு உள்ளே வருவார், சாயங்காலம் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு மறுபடி கொட்டாய்க்குப் போவார். அப்புறம் குளிப்பதையே விட்டுவிட்டார்.

இதில் எங்கள் வீட்டுக்கு வந்த கவலை என்ன தெரியுமா? யார் சமைப்பது என்பதுதான். வீட்டில் இன்னொரு பொம்பளை அத்தை, அப்பாவுக்கு மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடே இருந்தார். அவர் கிண்டும் களியில் கட்டி இருக்கும். அப்பா ஒவ்வொரு கட்டியாக விரலால் ஒதுக்கிக்கொண்டே, "எப்பத்தான் குளிப்பா இவ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அத்தை பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே பதில் இருக்கும்.

இன்னொரு கவலையும் இருந்தது. சேர்வராயன் கோயிலில் பொங்கல் வைப்பதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். அரிசி வெல்லமெல்லாம் வாங்கிக் கட்டிவைப்பதும், அம்மா தூரம் என்று அவிழ்ப்பதுமாகப் பல தடவை தள்ளிப்போய்விட்டது. உடனே அத்தை ஒரு காரணம் கண்டுபிடித்தார். பொங்கல் வைக்காததால் சாமி கோவித்துக்கொண்டது, அதனால்தான் தூரம் நிற்கவில்லை. சரி, போய் வைத்துவிடலாமே என்றால், தூரமாக இருப்பவள் எப்படிக் கோயிலுக்குப் போவாள்? செக்கு மாடு மாதிரி எல்லோரும் இதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்குச் சாமி மேல் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் விளக்கேற்றாமல் நான் வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் மனுஷர்கள் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு அவர் தலையில் தூக்கிப் போட்டால் அவர்தான் என்ன செய்வார் பாவம்.

பார்க்க எவ்வளவோ இருந்தது. அம்மாவின் உதடும் நகமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயின. ஊற்றிலிருந்து மேடு ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிப் பாறை பாறையாக உட்காருவார். மடியில் பச்சரிசி வைத்துக்கொண்டு எந்நேரமும் மென்றுகொண்டிருப்பார். மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் துணி காயாது. ஒன்று காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும். அந்தத் துணிகளையும் வெயில் படுகிற இடத்தில் போடக்கூடாது, ஆம்பிளைகள் கண்ணில் படும். காப்பிச் செடிகளுக்கு அடியில், சாக்கு மறைவில், ஈரத்தோடு ஈரமாகத் தொங்கும். உடம்புச் சூடு என்று அத்தை வெந்தயம் ஊறவைத்துக் கொட்டாய் வாசலில் வைத்துவிட்டுப் போவார். வயசு அப்படி, தானாக நின்றுவிடும் என்று பக்கத்துத் தோட்டத்து அம்மா சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

கடைசியில் அம்மாதான் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் எஸ்டேட் மருந்தகம் ஒன்று இருந்தது. அங்கே நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, நிற்பதற்கு ஒரு மாத்திரை வாங்கி வரச் சொன்னார். எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

நர்ஸம்மா கேரளத்துக்காரர், புதிதாக வந்தவர். பெஞ்சில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும் இரண்டு ஆம்பிளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மேஜையோடு ஒட்டி நின்று, "எங்கம்மா ஊட்டுக்குத் தூரமா இருக்காங்க" என்றேன்.

"தூரமாவா? எவ்வளவு தூரம் மோளே?"

"நொம்ப தூரமுங்க."

"எப்பப் போனாங்க?"

"ஆடி மாசமே."

"எப்பத் திரும்பி வருவாங்க?"

"குளிச்சாத்தானுங்க வருவாங்க."

நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தாய் எங்கோ போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கண் கலங்க என் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்டு, இரண்டு ரொட்டி கொடுத்து, அம்மா வந்ததும் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

பெஞ்சிலிருந்த ரைட்டர் எங்கள் ஊர்க்காரர். நான் சொன்னது அவருக்கு எழுத்துக்கு எழுத்து புரிந்திருக்கும். மனுஷன் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நாக்கு அழுகியா போயிருக்கும்? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியும்போது முகம் வேர்த்திருந்தது.

மறுநாள் அம்மா துணி அலச ஊற்றுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சரிந்து தண்ணீர் ஓரத்தில் விழுந்தார். கண் மேலே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் அத்தை மேட்டிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் இரண்டு முழம் தள்ளி நின்றார். தூரமாக இருப்பவளைத் தொடக்கூடாது. ஒரு கணம்தான் நின்றிருப்பார், ஆனால் எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. பிறகு அந்தத் தண்ணீரிலேயே பொத்தென்று உட்கார்ந்து, அம்மாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓடு சாமி. அந்த நர்ஸம்மாவக் கையோட கூட்டிட்டு வா. தூரம் கீரம்னுட்டு நிக்காத. ரத்தம்னு சொல்லு."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அத்தைதான்.

அன்றைக்கும் அந்தப் பெஞ்சில் ஆம்பிளைகள் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று வாசலிலிருந்தே கத்தினேன். எங்கம்மாவுக்கு ரத்தம் போகுது, நிக்க மாட்டேங்குது, கீழே விழுந்துட்டாங்க என்று. நர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். வந்து அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தவர், இங்கே வைத்துக்கொள்ளக்கூடாது என்று எஸ்டேட் ஜீப்பை வரவழைத்து ஏற்றிவிட்டார். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவும் அத்தையும் போனார்கள். என்னைத் தனியாக விட ஆளில்லாததால் நானும் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. அப்பாவைப் பிடித்து, உடம்பில் பாதி ரத்தம் போயிருக்கிறதே, ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தூரம்னு தெரியுமுங்க" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, உடம்பு தேறியதும் ஆபரேஷன் செய்துவிடலாம், பயமில்லை என்றார்கள். சில நாளில் அம்மாவின் உதட்டுக்கு நிறம் திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ஒரு துணி ஒரு மணி நேரம்கூடத் தாங்காம நனையுதா, கட்டி கட்டியாப் போகுதா, ஒரு வாரம் தாண்டியும் நிக்கலையா, நடந்தா மூச்சு வாங்குதா, தலை சுத்துதா? இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட வந்துரணும். மயங்கி விழுந்தாங்கன்னா அந்த நிமிஷமே தூக்கிட்டு வரணும். இது தீட்டு இல்லம்மா, நோய். மருந்து இருக்கு." இதை நான் என் மகளுக்கும் மருமகளுக்கும் வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறேன்.

அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஏனுங்க, இதுக்கு மருந்து எப்பயிருந்துங்க இருக்குது?"

"அது ரொம்ப காலமா இருக்குதே. ஏம்மா?"

"சும்மாதானுங்க கேட்டேன்."

அத்தை ஏன் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தார் என்பதை, எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னார். மாசத்தில் பாதி நாள் தூரத்தில் கிடப்பவள் அடுப்புக்கும் ஆகமாட்டாள், குடும்பத்துக்கும் ஆகமாட்டாள் என்று சொல்லி, அவரைப் பிறந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்களாம். கிளியூரில் அந்தப் புருஷன் வேறு கல்யாணம் செய்து பிள்ளைகுட்டிகளோடு இருந்தாராம்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்துகொண்டிருந்தோம். அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அத்தை பக்கத்தில். அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மலை பஸ்ஸில் இது வழக்கம்தானே. பாவம், குமட்டுகிறது என்று நினைத்து, பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி நீட்டினேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இப்பத் தேவலைங்களா அத்தை?"

"தேவலை சாமி" என்றார்.

என் வைத்தியம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.